வேட்டியில் சாம்பார், பட்டில் பாயசம்: வாசகர் கேள்வி – பதில்

முகூர்த்த மாதங்கள் வந்து போனால் நமக்கு வரும் கடிதங்களில் சாப்பாட்டுக் கறை பற்றியவை கூடிவிடுகின்றன. மனையியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாள்களில் நான் முதல் வகுப்பிலேயே மாணவியரிடம் சொல்லுவது ஒன்று உண்டு: அழுக்கு துணியின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது, கறை நூலுக்குள் இறங்கிவிட்டது. அழுக்குக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். கறைக்கோ, சிந்தியது என்ன, துணி எது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் கையை நனைக்க வேண்டும். இந்த மாதக் கேள்விகளில் பலவும், அவசரப்பட்டு வெந்நீரையும் சோப்பையும் எடுத்ததால் வந்த வினைகளாகவே இருக்கின்றன.

மகளின் திருமணத்தன்று சம்பந்தியின் வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டது. மாற்று வேட்டி கொடுத்துவிட்டு, இதை நான் வாங்கிச் சலவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளாக இருந்த கறை அந்த நொடியே இரத்தம்போலச் சிவந்துவிட்டது. வேட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தவிக்கிறேன். இது கெட்டுவிட்டதா?
– தஞ்சாவூர் வாசகி

கெடவில்லை, சகோதரி. அந்தத் திருமணத்திலேயே நீங்கள் ஆரத்தி கரைத்திருப்பீர்கள். மஞ்சள் நீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டதும் அது எப்படிச் சிவந்ததோ, அப்படித்தான் இந்த வேட்டியும் சிவந்திருக்கிறது. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருளின் பெயர் குர்குமின். காரத்தன்மையுள்ள எது பட்டாலும் அது செம்பழுப்பாக மாறும், புளிப்புப் பட்டால் மீண்டும் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பு காரம், சலவை சோப்பும் காரம். நம்பிக்கை வராவிட்டால் அந்தச் சிவப்பின் ஓரத்தில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு வடிந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். ஆகவே நீங்கள் பார்த்தது நிற மாற்றமே தவிர, கறை இறுகியதற்கான அடையாளம் அன்று.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சாம்பாரில் மிதக்கும் தாளிப்பு எண்ணெய்தான் அதைச் சுமந்துகொண்டு நூலுக்குள் இறங்குகிறது. அதனால் முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவத்தில் இரண்டு சொட்டைக் கறையின் மேல் விட்டு, விரல் நுனியால் மெல்லப் பரப்பி, பத்து நிமிடம் கழித்துக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். பிறகு வழக்கமான சோப்பைப் போடலாம். சிவக்கட்டும், கவலை வேண்டாம். காரத்தில் குர்குமின் நிலைத்து நிற்காமல் மெல்லச் சிதையவும் செய்கிறது. நன்றாக அலசியபின், ஈரம் சொட்டச் சொட்டவே, கறை படிந்த பக்கம் வானத்தைப் பார்க்கும்படி நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். மஞ்சளுக்கு உண்மையான எதிரி வெயில்தான். சூரிய ஒளி பட்டால் அந்த நிறம் உடைந்து வெளுத்துப் போகும். முதல் நாள் மாலையிலேயே பாதி வெளுத்திருக்கும். மிச்சம் இருந்தால் மறுநாள் மீண்டும் நனைத்துக் காயப் போடுங்கள்.

உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவி வைத்து, ஆற்றங்கரைப் புல்லில் துணியை விரித்துக் காயவைத்த பழைய சலவைத் தொழிலாளர்களிடம் கல்யாண வேட்டிகளின் மஞ்சள் கறை தங்காமல் போனதற்கு இதுவே காரணம். உவர்மண் காரம், அதன்மேல் நீராவி, அதற்கும் மேல் நாள் முழுதும் வெயில். நாம் இன்று பால்கனி நிழலில் காயப்போட்டுவிட்டுச் சலவைத் தூளைக் குறை சொல்லுகிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கறை முழுதும் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். வெளுப்பான் திரவத்தில் வேட்டியை முக்கி எடுக்கவும் வேண்டாம். வேட்டியின் ஓரத்தில் சாயமும் சரிகையும் இருக்கின்றன, கறையை எடுக்கப் போய்க் கரையை இழந்துவிடக் கூடாது. நிறத் துணியில் மஞ்சள் பட்டிருந்தால், கறை பட்ட இடம் மட்டும் வெயிலில் தெரியும்படி மற்றப் பகுதியை வேறு துணியால் மூடிவையுங்கள். இல்லாவிட்டால் கறையோடு சேர்ந்து துணியின் நிறமும் வெளுக்கும்.

என் கணவரின் வெள்ளைப் பருத்திச் சட்டையில் ஃபில்டர் காபி கொட்டிவிட்டது. உடனே கொதிக்கும் நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, இஸ்திரியும் போட்டேன். கறை போய்விட்டது என்று நினைத்த இடத்தில் இப்போது பழுப்பு வளையம் ஒன்று தெரிகிறது. நான் என்ன தவறு செய்தேன்?
– கும்பகோணம் வாசகி

வேகமாகச் செயல்பட்டீர்கள், அது சரி. கொதிநீர்தான் தவறு. பால் கலந்த காபியை ஒரே கறையாக எண்ணக் கூடாது. அதில் பாலின் புரதம், பாலின் கொழுப்பு, சர்க்கரை, டிகாக்ஷனின் பழுப்பு நிறம் என நான்கு பேர் சேர்ந்து வருகிறார்கள். புரதம் சூட்டில் உறையும்; முட்டையின் வெள்ளைக்கரு தோசைக்கல்லில் விழுந்ததும் என்ன ஆகிறது என்பதை நினைத்துக்கொண்டால் போதும். அப்படி உறைந்த புரதம் டிகாக்ஷன் நிறத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பால் கலக்காத வெறும் டிகாக்ஷனோ கட்டஞ்சாயாவோ சிந்தியிருந்தால் வெதுவெதுப்பான நீர் உதவும். பால் இருக்கிறது என்றால் முதல் நீர் குளிர்ந்த நீராகவே இருக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். சட்டையைத் திருப்பி, கறையின் பின்பக்கம் குழாய் நீர் விழும்படி பிடியுங்கள். முன்பக்கமாகப் பிடித்தால் கறை நூலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும், பின்பக்கமாகப் பிடித்தால் வந்த வழியே வெளியேறும். இரண்டு மூன்று நிமிடம் இப்படி ஓடவிட்டாலே பெரும்பகுதி போய்விடும். மீதிக்குத் திரவச் சலவைப்பொருளைத் தடவி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் நிறம் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்து நீங்கள் சொல்லும் வளையம் உண்டாகும்.

எண்ணெயிலிருந்து செய்யும் பழைய பாணிச் சோப்புக் கட்டியைக் காபி, தேநீர்க் கறைகளில் முதலில் போட வேண்டாம் என்பது என் கருத்து. தேநீரின் நிறம் காரத்தில் கறுக்கும் இயல்புடையது. பால் சேர்க்காத தேநீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றில் ஆப்பசோடா ஒரு சிட்டிகையும் மற்றொன்றில் எலுமிச்சைச் சாறும் விட்டால், முதலாவது கறுத்துவிடும், இரண்டாவது வெளிறிவிடும். துணியிலும் இதேதான் நடக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு அதிகமுள்ள ஊர்களில் தேநீர்க் கறை கருநீலமாக மாறுவதையும் பார்க்கலாம். கடுக்காயையும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பையும் சேர்த்து முன்னோர் மை செய்த அதே வேலை, நம் வாளிக்குள் நாம் கேட்காமலே நடந்துவிடுகிறது. கலம்காரி வரைவோர் பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்ததில் முக்கி எடுத்துக்கொள்வார்கள், அப்போதுதான் கறுப்பு நன்றாகப் பிடிக்கும். துவர்ப்புப் பொருளும் பாலும் பருத்தியில் எவ்வளவு உறுதியாக உட்காரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இப்போது இருக்கும் வளையத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். பொதுவாக 6 சதவீதக் கரைசலாக விற்பார்கள். அதற்குச் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதமாகும். உள்மடிப்பில் ஓரிடத்தில் தொட்டுச் சோதித்துவிட்டு, வளையத்தின் மேல் மட்டும் பஞ்சால் ஒற்றி, அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். வெள்ளைப் பருத்தி என்பதால் துணிந்து சொல்லுகிறேன், நிறச் சட்டைக்கு இந்த முறை வேண்டாம். இஸ்திரியின் சூடு பட்டுவிட்ட கறை என்பதால் ஒரே முறையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

பாயசம் சிந்திய காஞ்சிபுரம் பட்டுப் புடவையை டிரை கிளீனிங் கொடுத்தேன். வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பீரோவிலிருந்து எடுத்தால் பாயசம் பட்ட இடம் பழுப்பேறிக் கிடக்கிறது. கடைக்காரர் தன் தவறில்லை என்கிறார்.
– கோயம்புத்தூர் வாசகி

அவர் தவறும் உண்டு, உங்கள் தவறும் உண்டு. டிரை கிளீனிங் என்பது தண்ணீருக்குப் பதிலாகக் கொழுப்பைக் கரைக்கும் திரவத்தில் துணியை அலசும் முறை. பாயசத்தின் நெய் அதில் அழகாகப் போய்விடும். சர்க்கரை அந்தத் திரவத்தில் கரையாது, அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். நிறமில்லாமல் துணியில் தங்கிய சர்க்கரை, இஸ்திரியின் சூட்டிலும் பீரோவில் கிடந்த மாதங்களிலும் மெல்லப் பழுப்பேறியிருக்கிறது. புடவையைக் கொடுக்கும்போது ‘கறை’ என்று மட்டும் சொல்லாமல், ‘இங்கே நெய்யும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து சிந்தியிருக்கிறது’ என்று விரல் வைத்துக் காட்டிச் சொல்ல வேண்டும். நல்ல கடைக்காரர் என்றால் அவரே கேட்டிருப்பார். சிந்தியது எது என்று கேட்காமலே சீட்டு எழுதும் கடையில் நான் என் பட்டைக் கொடுக்க மாட்டேன்.

பட்டு பூச்சி நூற்ற புரத இழை; நம் தலைமுடிக்கு உறவு என்று வைத்துக்கொள்ளலாம். பருத்திக்குச் செய்யும் பலவற்றை அதற்குச் செய்யக் கூடாது. குளோரின் வெளுப்பான் பட்டால் பட்டு இழை அரித்துக் கரைந்தே போகும். சலவை சோடா அதன் பளபளப்பைக் கெடுக்கும். புரதக் கறையைத் தின்னும் நொதி (என்சைம்) சேர்த்த சலவைத் தூள், கறையையும் பட்டையும் வேறுபடுத்திப் பார்க்காது. எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புகளைச் சரிகையின் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம், வெள்ளி இழை நிறம் மாறிவிடும்.

பந்தியில் பாயசம் சிந்தினால் செய்ய வேண்டியது சிறிதுதான். கரண்டி விளிம்பால் கட்டியை வழித்தெடுங்கள். வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை மேலே வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்த பட்டில் இழை கலைந்து வெளிறிய தழும்பு விழும், அதை எந்தக் கடையாலும் சரிசெய்ய முடியாது. வீட்டுக்கு வந்ததும் முகப்பவுடரைக் கறையின் மேல் கனமாகத் தூவி இரவு முழுதும் விட்டு, காலையில் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டால் நெய்யில் பெரும்பகுதியை அது இழுத்துக்கொண்டிருக்கும். அடுத்த ஓரிரு நாளில் கடைக்குப் போய்விட வேண்டும். சரிகை இல்லாத சாயம் போகாத மென்பட்டு என்றால், பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் வீட்டிலேயே அலசலாம். காஞ்சிபுரத்துக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம்.

ஆப்பசோடாவில் வினிகர் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறது, அந்த நுரை எந்தக் கறையையும் எடுத்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இன்னொன்றில் அதோடு பிளீச்சிங் திரவமும் சேர்க்கச் சொல்லுகிறார்கள். செய்யலாமா?
– சென்னை வாசகர்

முதலாவது வீண், இரண்டாவது ஆபத்து. ஆப்பசோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று சமன்செய்துகொண்டு, பொங்கி வரும் கரியமில வாயு காற்றோடு போக, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புக் கலந்த தண்ணீர். பார்ப்பதற்கு அழகாக இருப்பதால்தான் காணொளியில் வருகிறது. தனித்தனியே இரண்டுக்கும் பயன் உண்டு: வினிகரை நீர்விட்டுக் கலந்து தேநீர்க் கறைக்கு ஒற்றலாம், ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசினால் நாற்றம் போகும்.

பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும். கதவு மூடிய சிறு குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்த்தாலும் நச்சு வாயுதான். தெரியாமல் கலந்துவிட்டால் துணியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

வாழைப்பூ ஆய்ந்தபோது நைட்டியில் பட்ட கறை எதற்கும் அசையவில்லை. இளநீர் சிந்திய சட்டையும் அப்படியே. இரண்டும் சிந்தியபோது வெறும் தண்ணீர்போலத்தானே இருந்தன?
– நாகர்கோவில் வாசகி

அதுதான் இவற்றின் சூழ்ச்சி. வாழையின் பாலிலும் இளநீர் மட்டையின் சாற்றிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சிந்தும்போது நிறமற்றவை. காற்று பட்டபின்தான் பழுப்பாகி, கறுப்பாகி, துணியோடு ஒன்றாகிவிடுகின்றன. வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் இதே கதைதான். காய்வதற்கு முன் நிறைய நீரில் அலசினால் தப்பிக்கலாம். கறுத்துவிட்ட பிறகு வெள்ளைப் பருத்தியில் பெராக்சைடு போட்டுப் பார்க்கலாம், ஓரளவு மங்கும். நிறத் துணியென்றால் விட்டுவிடுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஆய்வதைப்போல, பழந்துணி ஒன்றை மடியில் போட்டுக்கொள்வதே இதற்கு மருந்து.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிய, சலவைத் தொழிலாளர்கள் துணியின் மூலையில் சிறு குறி இடுவார்கள். அதற்குப் பயன்பட்டது சேங்கொட்டையின் பால். மாமரத்துக்கும் முந்திரிக்கும் உறவான மரம் அது. எத்தனை வெள்ளாவி கண்டாலும் அந்தக் குறி அழியாது. மாங்காய்ப் பாலும் பச்சை முந்திரியின் பாலும் பட்ட துணியை என்னிடம் கொண்டுவந்து கேட்பவர்களுக்கு நான் கையை விரித்துவிடுவது இதனால்தான்.

பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டை முழுதும் நாவல்பழக் கறை. சோப்புப் போட்டால் நீலமாகிறது.
– மதுரை வாசகி

நாவல், கறுப்புத் திராட்சை, செம்பருத்திப் பூ எல்லாவற்றிலும் இருப்பது ஒரே இனத்து நிறமி. புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். முதலில் எலுமிச்சைச் சாற்றைத் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள், நீலம் இளஞ்சிவப்பாகிக் கரையத் தொடங்கும். பிறகு, துணி முழுப் பருத்தியாக இருந்தால், கறைப் பகுதியை ஒரு பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, ஒரு முழ உயரத்திலிருந்து கொதிநீரை அதன் நடுவில் மெல்ல ஊற்றுங்கள். பழக்கறையில் புரதம் இல்லாததால் இங்கே சூடு பகையன்று. நிறம் துணியைத் தாண்டிப் பாத்திரத்துக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கையில் கொதிநீர் தெறிக்காமல் தள்ளி நின்று ஊற்றுங்கள். குழந்தையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

வடை, பஜ்ஜி எண்ணெய் சட்டைப் பையில் பட்டுவிடுகிறது. துவைத்த பின்னும் கருநிழல்போல நிற்கிறது.
– சேலம் வாசகர்

துவைப்பதற்கு முன், துணி காய்ந்திருக்கும்போதே வேலையைத் தொடங்க வேண்டும். நனைத்துவிட்டால் தூள் எண்ணெயை இழுக்காது. முகப்பவுடர், சோளமாவு, வெள்ளைச் சட்டை என்றால் பொடித்த சாக்பீஸ் என எது இருந்தாலும் தூவி அரை மணி நேரம் விட்டுத் தட்டுங்கள்; பிறகு பாத்திரம் துலக்கும் திரவம்; பிறகு துணிக்கு ஏற்ற வெந்நீர். பஜ்ஜியை வெறும் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைக்கும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம்.

குழந்தையின் பருத்திச் சட்டைகளில் பால் கக்கிய இடங்கள் மஞ்சளாக நிற்கின்றன. சொட்டு நீலம் போட்டால் சரியாகுமா?
– திருநெல்வேலி வாசகி

சொட்டு நீலம் கறையை எடுப்பதில்லை, மஞ்சளின் மேல் நீலச் சாயலை ஏற்றிக் கண்ணை ஏமாற்றுகிறது. உங்களுக்கு வேண்டியது நொதி சேர்த்த சலவைத் தூள். புரதத்தை உணவுக்குடலில் சிதைக்கும் அதே நொதிகளைத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம் என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ரோம் 1913ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இன்று பல தூள்களின் உறையில் ‘என்சைம்’ என்று அச்சிட்டிருக்கும். நொதிக்குப் பொறுமை வேண்டும், சூடு ஆகாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பில், அதாவது 40 டிகிரி செல்சியஸ் அளவில், ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கொதிநீரை ஊற்றினால் நொதி செயலிழந்துவிடும். குழந்தையின் தோல் மென்மையானது என்பதால் கடைசியில் இரண்டு முறை கூடுதலாக அலசுங்கள்.

வெளிர்நிறப் பருத்திக் குர்தாவில் இரண்டு வருடப் பழைய தேநீர்க் கறை. நீங்கள் இதுவரை எழுதியவை எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன்.
– புதுச்சேரி வாசகி

அப்படியானால் கறையை எடுக்க முயல்வதை நிறுத்திவிட்டுக் குர்தா முழுவதையும் கறையாக்கிவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் கைப்பிடி கைப்பிடியாகத் தேயிலை போட்டுக் கட்டியான கஷாயமாகக் கொதிக்கவைத்து வடிகட்டி, நனைத்துப் பிழிந்த குர்தாவை அதில் முக்கி, நிறம் எல்லா இடத்திலும் சீராக ஏற அடிக்கடி புரட்டிவிட்டபடி ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். காய்ந்தால் நிறம் சற்று மங்கும், எனவே வேண்டிய அளவைவிட ஒரு படி கூடுதலாகவே ஏறட்டும். பாலிஸ்டர் கலந்த நூலால் தைத்திருந்தால் தையல் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். அது பார்க்க நன்றாகவே இருக்கும்.